நக்கீரனும் அதிரடிப்படையும்: ஓர் ஆம்பூர் நினைவு

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட். ஆம்பூரில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கிளிப் மாட்டி நக்கீரன் பத்திரிகை தொங்கும். தோல் ஷாப்பில் வேலை முடிந்து வருபவர்கள், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார்கள். தமிழ் படிக்கத் தெரியாத உருதுக்காரர்களுக்காக ஒருவர் உரக்க வாசிப்பார். "என்ன பாய், கோபால் மறுபடி காட்டுக்குப் போயிட்டாரா?" என்று பிரியாணிக் கடையிலிருந்து குரல் வரும்.

அதற்குச் சற்று முன், ஜூலை 30 அன்று, கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தன மரக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்தியிருந்தான். அவனைத் தேடி 1993 முதல் காட்டைச் சலித்துக்கொண்டிருந்த தமிழகக் காவல்துறையின் அதிரடிப்படைக்குப் பிடிபடாத தடம் நக்கீரனுக்குத் தெரிந்திருந்தது. தமிழக, கர்நாடக அரசுகள் அதன் ஆசிரியர் கோபாலையே தூது அனுப்பின. பிறகு தமிழ்த் தேசியத் தலைவர் நெடுமாறனின் குழுவும் போனது. 108 நாள் கழித்து ராஜ்குமார் உயிரோடு வந்தார்.

படைக்கும் சரி, பத்திரிகைக்கும் சரி, மூலதனம் ஒன்றே: மலைக்காரன் வாய்திறந்து சொல்லும் தகவல். படை அதை மிரட்டியும் வாங்கியது. முகாம்களில் நடந்த சித்திரவதையை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 89 பேருக்கு நிவாரணம் தரும்படி 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. காட்டுக்குள் போய்வந்த கோபாலோ 2003இல் பொடா சட்டத்தில் சிறையில் இருந்தார். ஆனாலும் 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்சில் வைத்து வீரப்பன் கதையை முடித்தது காவல்துறை அதிகாரி விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படைதான். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

இன்று அந்தப் பெட்டிக்கடையில் பத்திரிகைக் கயிறு இல்லை. பான்பராக் சரம் தொங்குகிறது. ஷூ கம்பெனி பஸ்ஸில் பெண்கள் செல்போன் திரையைத் தள்ளியபடி போகிறார்கள். வீரப்பனும் அதில் வருகிறான். நக்கீரன் அன்று எடுத்த வீடியோ 2023இல் ஓடிடி தொடராகிவிட்டது.

மரக்கடத்தல் தடுப்புப் படைகள் மட்டும் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. பலர் நமக்குத் தெற்கே தெரியும் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள். படை சொன்னது மோதல் என்று. தப்பியவர்கள் ஆணையத்தின் முன் வேறு கதை சொன்னார்கள். அந்த மலையூர்களுக்கு நடந்தே போய், திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதும் நிருபர்கள் மறுபடி வேண்டும். அப்படி எழுதும் பத்திரிகை எதுவானாலும் காசு கொடுத்து வாங்குங்கள்.