கருவி யார் கையில்?

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலையைப் பார்க்க வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடந்து போன தடம் கிடக்கும். வந்தவர்கள் பேருந்தும் ரயிலும் ஏறி ஊர் திரும்பியிருப்பார்கள். துடைப்பமும் தள்ளுவண்டியுமாகத் தூய்மைப் பணியாளர்கள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள்.

சாலையில் கிடக்கும் குப்பை எல்லோர் கண்ணிலும் படுகிறது. விடுதி, மடம், கல்யாண மண்டபம் இவற்றின் பின்புறத்தில் மூடிக்குக் கீழே நிரம்பி நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் தெரியும்.

இப்போதுதான் கழிவுநீர் லாரி வந்துவிட்டதே என்று கேட்கலாம். லாரியின் குழாய் நீராக இருப்பதை உறிஞ்சிவிடும். ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்து கெட்டிப்பட்ட கசடை உறிஞ்சாது. அதைக் கிளறிவிட ஆள் தேவைப்படுகிறது. அங்கேதான் மரணம் காத்திருக்கிறது. மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சுகளில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்கக் குதிக்கும் இரண்டாமவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்ததாக வரும் செய்திகளுக்குக் காரணம் இதுதான்.

சட்டம் சொன்ன தொழில்நுட்பம்

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோரும் அறிந்தது. பாதுகாப்பின்றித் தொட்டியில் ஆளை இறக்கினால் முதல் முறை குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்ய உரிய தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. நிதியுதவியும் ஊக்கமும் கொடுத்து நவீன தொழில்நுட்பத்தைப் பரப்புவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அதாவது, ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் கருவி சேரிக்கு வந்து சேர வேண்டும் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

கருவி பிறக்காமலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் வழிகாட்டுதலில் ஒரு மாணவரின் முதுநிலைத் திட்ட வேலையாகத் தொடங்கியதுதான் 'ஹோமோசெப்'. தொட்டியின் குறுகிய வாய் வழியாக ஒரு தண்டை இறக்குகிறார்கள். உள்ளே போனதும் அதன் கத்திகள் தலைகீழாகப் பிடித்த குடை போல விரிகின்றன. அவை சுழன்று கெட்டிக் கசடைக் கூழாக்க, பிறகு குழாய் உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஆள் இறங்கிச் செய்த அந்த ஒரு வேலையைத்தான் இந்தக் கருவி செய்கிறது. சாலினாஸ் என்ற புத்தொழில் நிறுவனத்துடன் சேர்ந்து இதைக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2022-இல் முதல் இரண்டு கருவிகள், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் துணையுடன், பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. அந்தப் பெண்களில் ஒருவர், செப்டிக் டேங்கில் கணவரைப் பறிகொடுத்தவர்.

அந்தக் கருவியை ஒரு ஒப்பந்ததாரரிடம் விற்றிருக்கலாம். வேலை நடந்திருக்கும், பழைய கூலியும் பழைய முதலாளியும் அப்படியே இருந்திருப்பார்கள். தொட்டியால் தாலி அறுந்த பெண்ணின் கையில் சாவி வந்தபோது, அந்த வேலையின் வருமானமும், எப்போது எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்து வந்தன.

வாங்கிய கருவி, வாழும் கருவி

கோயில் நகரம் ஒன்றும் இதில் முன்னே சென்றிருக்கிறது. கேரளத்தின் ஜென்ரோபாடிக்ஸ் நிறுவனத்து இளைஞர்கள் செய்த 'பேண்டிகூட்' இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியது. அதே ஆண்டு கும்பகோணம் நகராட்சிக்கும் வந்தது. அப்போது நாடெங்கும் செய்தி ஆனது.

ஆனால், ஒரு கருவியை வாங்கிப் படம் எடுப்பது வேறு, அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது வேறு. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் யார், ஓட்டுபவருக்குப் பயிற்சி உண்டா, டீசல் செலவு யார் கணக்கு? இவற்றுக்குப் பதில் இல்லாத எந்த இயந்திரமும் கிடங்கில்தான் நிற்கும். இயந்திரம் நிற்கும் நாளில் பழையபடி ஆளுக்குத்தான் அழைப்பு வரும்.

பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்றம் பற்றிய நம் நாட்டுப் பேச்சில் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை. அங்கே எண்ணப்படுவது காப்புரிமை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. எத்தனை பேர் தொட்டியில் இறங்காமல் தப்பினார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை.

அமெரிக்காவில் 1980-இல் வந்த பே–டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. கூடவே இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. உரிமம் கொடுக்கும்போது சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். கண்டுபிடிப்பைப் பயனுக்குக் கொண்டுவராமல் முடக்கி வைத்தால் அரசு தலையிடலாம். அதைப் பார்த்து இந்தியாவில் 2008-இல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வைத்திருக்கிறது. அந்தக் கொள்கைகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எந்த வேலையின் ஆபத்தைக் குறைக்கக் கருவி செய்யப்படுகிறதோ, அந்த வேலையைச் செய்தவர்களின் குழுக்களுக்கே முதல் உரிமம், குறைந்த கட்டணத்தில். ஆய்வுக்குச் செலவானது நம் வரிப்பணமும்தான்.

மறுபடியும் தொட்டியா?

இந்த இடத்தில் நம் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அப்பா இறங்கினார், நான் இயந்திரத்தோடு போகணுமா? மறுபடியும் அந்தத் தொட்டிக்கா?" கேள்வி நியாயமானது. மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை பதிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 38 ஆயிரம் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இயந்திரம் வந்ததாலேயே இந்தக் கணக்கு மாறிவிடாது. துடைப்பத்துக்குப் பதில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, சாதி ஒழிந்தது என்று யாரும் கைகழுவ முடியாது.

ஆகவே இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று, வெளியேறும் கதவு. மறுவாழ்வு உதவி, வேறு தொழிலுக்குப் பயிற்சி, கடன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி ஆகியவை 2013 சட்டத்திலேயே இருக்கின்றன. இன்னொன்று, ஆய்வுக்கூடத்தின் கதவு. இன்குபேட்டர்களில் புதுத் தொழில் யோசனையோடு வரும் பட்டியல் சாதி இளைஞர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய் வரை தர, 2020-இல் மத்திய அரசு அம்பேத்கர் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடியினர் புத்தொழில் நிறுவனங்களில் முதலீடு செய்ய 2022-23 பட்ஜெட்டில் 30 கோடி ரூபாய் ஒதுக்கி, அடுத்த ஆண்டு 50 கோடியாக உயர்த்தியது. தொட்டியின் ஆழம் அறிந்த வீட்டுப் பிள்ளை, கருவியை வரைகிற மேசையிலும் உட்கார வேண்டும். எந்த மூடி எந்தக் கோணத்தில் சிக்கும் என்பது அவர் அப்பாவுக்குத்தான் தெரியும்.

இந்தத் தொழிலிலேயே இருக்க நினைப்பவர் கூலியாக இல்லாமல் உரிமையாளராக இருக்கட்டும். 2019-இல் தில்லி குடிநீர் வாரியம், தலித் தொழில் வர்த்தக சபையின் துணையுடன், சாக்கடை சுத்தம் செய்யும் 200 வாகனங்களைத் தொழிலாளர் குடும்பங்கள் சொந்தமாக வைத்து ஓட்ட வழி செய்தது. சென்னைக் குடிநீர் வாரியத்திலும் 2024 டிசம்பரில் இருநூறுக்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களை வாகன உரிமையாளர்களாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் முக்கியம், கடனோடு வேலை ஒப்பந்தமும் சேர்ந்து வருவது. வேலைக்கு உறுதி இல்லாத கடன், வண்டியையும் வீட்டையும் சேர்த்து விழுங்கிவிடும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சியானால் 33-ஆம் பிரிவின் கடமையும் அதே அளவுக்குக் கனக்க வேண்டும்.

கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் கட்டாயம். உரிமம் புதுப்பிக்கும்போது, கசடைக் கிளறும் கருவி இருக்கிறதா என்று கேட்கலாம். கிரிவலப் பாதையில் உள்ள பெரிய விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும், கருவி கொண்டே தொட்டி சுத்தம் செய்யப்பட்டது என்ற சான்றைக் கட்டாயமாக்கலாம். அந்த வேலையைத் தூய்மைப் பணியாளர் குழுக்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். கருவி வாங்க மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு. மாவட்டத் தொழில் மையமும் தாட்கோவும் அலுவலகத்தில் விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல் பணியாளர் குடியிருப்புக்கே வந்து முகாம் நடத்தலாம். ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பழுது பார்க்கும் பயிற்சியை அங்கேயே கொடுக்கலாம். சென்னைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும் நாள்களில்தான் உயிர் போகிறது.

தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் வாங்கும் வீடு நம் ஊரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்த கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். எல்லாத் தொட்டிகளும் நிரம்பும். அதற்குள் கருவி வந்துவிட்டதா, அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று மாமன்றக் கூட்டத்தில் உங்கள் உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள்.