பாட்டி ஏன் நம்பரை விட்டாள்? பண்டிகை தம்போலா சொல்லும் பாடம்!

‘‘அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர். சொன்னது எதுவும் மனசுல நிக்கறதில்ல. வல்லாரை லேகியம் ஏதாவது குடுங்களேன்...’’

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். ‘‘உங்க வீட்டுல தம்போலா ஆடறதுண்டா?’’

மருந்து கேட்டால் விளையாட்டைப் பற்றி விசாரிக்கிறாரே என்று முழிப்பார்கள். என் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அது என் வீட்டுக் கூடத்திலேயே எனக்குக் கிடைத்த பாடம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு காணும் பொங்கல். அக்கா, தங்கை குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல தம்போலா. நம்பர் கூப்பிடுவது என் மகள். எழுபத்தைந்தைத் தாண்டிய என் அம்மாவும் ஒரு சீட்டும் ஒரு கை புளியங்கொட்டையுமாக உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அம்மாவை ஜெயிக்க ஆளே கிடையாது. அன்றோ, கூப்பிட்ட நம்பரை விட்டுவிட்டு, கூப்பிடாத நம்பரில் கொட்டையை வைத்தார். ‘அறுபத்தொன்று’ என்றால் ‘எழுபத்தொன்றி’ல் வைத்தார்.

‘‘பாட்டிக்கு எல்லாமே மறந்து போச்சு!’’ என்று ஒரு வாண்டு சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு, ‘‘நீங்க ஆடுங்கப்பா, எனக்குத் தலை வலிக்குது’’ என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ராத்திரி என் மகள் சொன்னாள்: ‘‘அப்பா, நான் பாட்டிக்கு எதிரே உட்கார்ந்து நம்பரைக் காட்டிக் கூப்பிட்டப்போ ஒண்ணுகூட தப்பலை. ஃபேனுக்குக் கீழே மாறி உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் தப்பாச்சு.’’

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய ஒரு வருடமாக அம்மாவுக்கு மறதி என்று முடிவுகட்டி வல்லாரை கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்! வல்லாரை நல்ல மூலிகைதான். ஆனால், காது கேட்காததற்கு அது என்ன செய்யும்? காது பரிசோதனை செய்ததில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிறவன், சொந்தத் தாயாரின் காதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

நம் தமிழ் எண்களைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இருபத்தொன்று, அறுபத்தொன்று, எழுபத்தொன்று... வால் ஒன்றுபோலவே இருக்கிறது. வித்தியாசமெல்லாம் தலையில்தான். முதுமையில் காது மந்தமாகும்போது சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதிலும் ஃபேன், டி.வி., நாலு பேர் பேச்சு என்று இரைச்சல் சேர்ந்தால் போச்சு! வீட்டில் இருப்பவர்கள் இதை ‘மறதி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களோ, திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, மெள்ள ஒதுங்கிவிடுகிறார்கள்.

இது சாதாரண விஷயம் இல்லை. ‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவு அதில் ஒன்று. ஆட்களோடு பழகாமல் தனித்திருப்பது இன்னொன்று. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பாட்டி மட்டும் உள்ளறையில் தனியாகப் படுத்திருக்கிறாரே... அங்கே இந்த இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன!

பண்டிகைக்குப் பிறந்த விளையாட்டு

தம்போலா, ஹவுஸி, பிங்கோ... பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ‘தம்போலா’ என்ற பெயர் இத்தாலியின் ‘டோம்போலா’விலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் நகரத்துக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் என்றால் டோம்போலா இருக்கும். 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் அங்கே ஒரு அர்த்தம் உண்டு. 25 என்றால் கிறிஸ்துமஸ், 22 என்றால் பைத்தியக்காரன், 90 என்றால் பயம்! எண்ணோடு அதன் அர்த்தத்தையும் சேர்த்துக் கூவுவார்கள்.

நாம் ஆடும் சீட்டிலும் 1 முதல் 90 வரைதான். ஒரு சீட்டில் மூன்று வரிசை, 27 கட்டம், 15 எண்கள். ‘நமக்கும் நம் அர்த்தங்களை வைத்துக்கொண்டால் என்ன?’ என்று என் மகள் கேட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணை மட்டும் கூப்பிடுவது கிடையாது. ‘‘சுவை எத்தனை? 6!’’ ‘‘ஆழ்வார்கள் 12!’’ ‘‘சித்தர்கள் 18!’’ ‘‘நட்சத்திரம் 27!’’ ‘‘மருந்துக்கு ஒரு மண்டலம், 48!’’ ‘‘நாயன்மார்கள் 63!’’ எண் காதில் சரியாக விழாவிட்டாலும் குறிப்பு கைகொடுக்கிறது. அதோடு, இந்தக் குறிப்புகளைச் சொல்ல வீட்டில் பெரியவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

நவராத்திரிக்கு 9, மார்கழிக்கு 30 என்று அந்தந்தப் பண்டிகைக்கு ஏற்ற எண்ணை ‘ராஜா நம்பர்’ ஆக்கிச் சின்னப் பரிசு கொடுக்கலாம். அறுபதாம் கல்யாணமா? அந்தத் தம்பதியின் வாழ்க்கையையே எண்ணாக்குங்கள். ‘‘தாத்தா முதல் சம்பளம் வாங்கின வயசு 23!’’ என்று கூவிப் பாருங்கள். ஆட்டம் நின்று, கதை ஆரம்பிக்கும். நிற்கட்டுமே! அந்தக் கதைதான் பரிசு.

பருவத்துக்கு ஒரு சீட்டு

எண்ணே வேண்டாம் என்றால் சொல் தம்போலா ஆடலாம். 20 பொருட்களின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஒன்பது கட்டம் போட்டு, அந்த இருபதில் பிடித்த ஒன்பதை நிரப்பட்டும். கூப்பிடுபவர் பெயரைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்க வேண்டும்.

நம் முன்னோர் வருடத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். அடைமழையில் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பிள்ளைகளுக்குத் தூதுவளை, நொச்சி, சுக்கு, மிளகு, கற்பூரவல்லி என்று சீட்டு போடுங்கள். ‘‘முள்ளுக்கொடி, ஆனா ரசம் வைப்போம்’’ என்றால் தூதுவளை. ‘‘ஆவி பிடிக்கிற பானைக்குள்ள போற இலை’’ என்றால் நொச்சி. கோடை விடுமுறையில் நுங்கு, பதநீர், நன்னாரி, வெள்ளரி, வெட்டிவேர். ‘‘மூணு கண்ணு இருக்கும், பார்க்காது’’ என்றால் நுங்கு! பேரப்பிள்ளைகள் திணறும்போது பாட்டி சிரிப்பார் பாருங்கள், அது தனி அழகு.

ஆட்டத்தில் கவனியுங்கள்

பெரியவர்கள் நம்பரை விட்டால் சிரிக்காதீர்கள். எப்போது விடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

* எதிரே உட்கார்ந்து, எண்ணைக் காட்டிக் கூப்பிட்டால் சரியாக வைக்கிறார். பக்கத்திலிருந்தோ இரைச்சலிலோ கூப்பிட்டால் தவறுகிறார். அப்படியானால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

* கேட்ட எண்ணைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார், சீட்டில் தேடித்தான் தடுமாறுகிறார். வெளிச்சத்தைக் கூட்டி, பெரிய எழுத்துச் சீட்டு கொடுத்துப் பாருங்கள். தடுமாற்றம் குறைந்தால் கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், புரை வளர்ந்திருக்கலாம். கண் மருத்துவரைப் பாருங்கள்.

* காதும் கண்ணும் சரியாக இருந்தும், பல வருடம் ஆடிய ஆட்டத்தின் விதியையே மீண்டும் மீண்டும் கேட்கிறார், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையே விட்டுவிடுகிறார் என்றால், நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோல வேஷம் போடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தம்போலா ஆடினால் மறதி நோய் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. இது பரிசோதனையும் இல்லை. எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று காட்டும் கைகாட்டி, அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். காது மந்தம் என்றதும் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது, பூண்டுச் சாறு விடுவது, ஹேர்பின்னால் குடைவது... ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், கூடவே கூடாது! அடைப்பு வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். அதைக் காது மருத்துவர் எடுத்துவிடுவார். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே ஓடுங்கள்.

பெரியவர்களுக்காகச் சில மாற்றங்கள்

சீட்டைப் பெரிதாக எழுதுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், கட்டங்கள் நெருக்கமில்லாமல் இருக்கட்டும். பிங்கோவை வைத்தே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்து 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், சீட்டைப் பெரிதாக்கிச் சிக்கலைக் குறைத்தபோது எல்லோருமே முன்பைவிட நன்றாக ஆடினார்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு எழுத்தும் தாளும் பளிச்சென்று வேறுபட்டிருந்ததும் உதவியது.

டி.வி.யை அணையுங்கள். ஒரு எண்ணை இரண்டு முறை, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். கத்த வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

ஒரு ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நடமாட வேண்டும். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. சிறுநீரும், பசியும், தாகமும் அவற்றில் அடக்கம். சபையில் எழுந்து போகக் கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர்! வளைகாப்பு வீட்டில் ஆடினால் கர்ப்பிணிக்கும் இந்த இடைவேளை அவசியம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. நடுவில் முறுக்குத் தட்டு வைத்தால் கை தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். அவித்த வேர்க்கடலையும் மோரும் போதும்.

காசு வைத்து ஆடாதீர்கள். ஒரு கட்டுக் கீரை, நாலு எலுமிச்சை, ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் என்று பரிசு இருந்தால் தோற்றவருக்கும் வருத்தமில்லை.

அம்மாவுக்கு இப்போது காதில் கருவி இருக்கிறது. முதல் இரண்டு மாதம், ‘‘பாத்திரம் உருள்ற சத்தமெல்லாம் மண்டைக்குள்ள கேக்குதுடா’’ என்று கழற்றிக் கழற்றி வைத்தார். மெள்ளப் பழகிவிட்டது. வல்லாரை லேகியத்தை நிறுத்திவிட்டேன். வல்லாரைத் துவையல் மட்டும் ருசிக்காகத் தொடர்கிறது!

வருகிற பண்டிகைக்கு உங்கள் வீட்டிலும் சீட்டு போடுங்கள். உள்ளறையில் படுத்திருப்பவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து, எல்லோர் முகமும் தெரிகிற இடத்தில் உட்காரவையுங்கள். அவர் ஒரு நம்பரை விட்டால், ‘மறதி’ என்று சொல்வதற்கு முன்னால், எதிரே போய் உட்கார்ந்து இன்னொரு முறை சொல்லுங்கள்.