மார்கழிப் பனியில் சைக்கிள் மிதிப்போர்

திருவனந்தபுரத்தில் குளிர் ஏது என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சிரிப்பதுண்டு. கணக்குப்படி அது சரிதான். டிசம்பர், ஜனவரியிலும் இங்கு விடியற்காலை வெப்பம் சராசரியாக 22, 23 டிகிரி சென்டிகிரேடு. பூஜ்யத்தைத் தொட்டுவிடும் மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு முன் இது குளிரே அல்ல. ஆனால் விடியுமுன் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளியைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

நகரின் மேடு பள்ளமே இதற்குக் காரணம். தம்பானூரிலிருந்து பாளையம் வரை ஏற்றம். மூச்சு வாங்க மிதிப்பதில் பனியன் நனைந்துவிடுகிறது. அப்புறம் பி.எம்.ஜி. இறக்கம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவர் மீது, இலை அசையாத நாளிலும், அதே வேகத்தில் காற்று மோதும். வியர்வை உலரத் தேவையான சூட்டை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மிதிக்காமல் உட்கார்ந்திருப்பதால் புதுச் சூடும் பிறப்பதில்லை.

நம்மவர்கள் மப்ளரால் காதை இறுகக் கட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் பிறகு எப்படிக் கேட்கும்? மறைக்க வேண்டியது நெஞ்சை. 'டூர் டி பிரான்ஸ்' பந்தய வீரர்கள் மலையுச்சியில் நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். நமக்கு, படித்து முடித்த நேற்றைய தாள் போதும்.

இருட்டு இன்னும் ஆபத்தானது. ஜனவரியில் இங்கு சூரியன் உதிக்க ஏறத்தாழ 6.40 மணி ஆகிறது. சபரிமலை சீஸனும் இதுவே. இரவெல்லாம் ஓடி வந்த வண்டியின் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கக்கூடும். பழைய சைக்கிளின் டைனமோ விளக்கோ, சக்கரம் நின்றால் அணைந்துவிடும். பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் அவசியம். பனி ஈரம் படிந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். இறக்கத்துக்கு முன்பே இரண்டு தடவை மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். கேரியரில் மூட்டை இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றத்தில் நெஞ்சை அழுத்தி, இறங்கி நின்றதும் விட்டுவிடும் வலியைப் பனி பிடித்துவிட்டது என்று சுக்குக் காப்பியோடு விட்டுவிடக் கூடாது. அது இருதயக் கோளாறாக இருக்கலாம். குளிரில் இவ்வலி எளிதாகத் தலைகாட்டும். ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். அங்கேயும் டாக்டரிடம் 'பனி' என்று சொல்லிவிடாதீர்கள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவர் தெர்மாமீட்டரைத்தான் தேடுவார். 'நெஞ்சு வேதனை' என்றே சொல்லுங்கள்.