டிசம்பர் ஆகாத மாதமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் டீக்கடையில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இந்த மாசம் தலைவர்களுக்கு ஆகாதுங்க." கையில் கணக்கும் இருக்கும். ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. பெரியார் 1973 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். 1987இல், அதே டிசம்பர் 24. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5. தேதி ஒன்றுகூடத் தப்பில்லை. கேட்கிறவருக்கு டீ ஆறிப்போகும்.

அண்ணா பிப்ரவரியில் மறைந்தார், கலைஞர் ஆகஸ்டில். அந்தப் பேச்சில் இவர்கள் வரவே மாட்டார்கள். ஓமந்தூராரும் பக்தவத்சலமும் முதலமைச்சர்களாக இருந்தவர்கள்தாம். அவர்களும் டிசம்பரில் மறையவில்லை, ஆகவே அவர்களுக்கும் இடமில்லை. முதலில் மாதம் கண்ணில் படுகிறது. அதற்குப் பொருந்துகிறவர்கள் பட்டியலில் ஏறிக்கொள்கிறார்கள்.

காமராஜருக்கு மட்டும் வேறொரு பட்டியல் காத்திருக்கிறது. அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று. லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் ஓர் அக்டோபர் 2தான், 1904இல். நேருவுக்குப் பிறகு அந்தச் சாஸ்திரியைப் பிரதமராக்கியதில் முன்னின்றவர், அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர். எனக்கே இதை எழுதும்போது கொஞ்சம் சிலிர்க்கிறது. ஆனால் பாருங்கள்: டிசம்பருக்கு மாதம் ஒன்றாக இருந்தால் போதும் என்றோம். இங்கே நாள் ஒன்றாக இருக்க வேண்டும், பிறப்பும் இறப்பும் கலந்திருந்தால் பரவாயில்லை என்கிறோம். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு சட்டம், அதுவும் விடை தெரிந்த பிறகு போட்ட சட்டம். இரண்டும் பொருந்தாமல் போயிருந்தால் கிழமை, நட்சத்திரம், வயது, பெயரின் முதலெழுத்து என்று தேட எத்தனையோ இருக்கின்றன. "இது நடக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்பதைவிட, "இதே அளவுக்கு என்னை வியக்க வைத்திருக்கக்கூடியவை இன்னும் எத்தனை?" என்று கேட்டால்தான் கணக்கு பிடிபடும்.

பிறந்தநாளை வைத்து இதை எளிதாகப் பார்க்கலாம். ஒரு வேனில் 23 பேர் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார்கள். அதில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்பச் சிரமமாக இருக்கும். ஏனென்றால் நாம் நம்மையே நடுவில் வைத்து யோசிக்கிறோம்: என் பிறந்தநாளில் இங்கே வேறு யார் பிறந்தார்கள்? அதற்கு வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். ஆனால் கேள்வி "யாரோ இருவர்" என்பது. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வாய்ப்பு. வேனில் 57 பேரை அடைத்தால் (நம் ஊரில் அடைத்துவிடுவார்கள்) வாய்ப்பு 99 சதவீதம்.

பெயர்ப் பொருத்தத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் லிங்கன்–கென்னடி பட்டியல். லிங்கன் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது 1846இல், கென்னடி 1946இல். அதிபர் தேர்தலில் வென்றது 1860, 1960. இருவரும் வெள்ளிக்கிழமை சுடப்பட்டார்கள். அடுத்து வந்தவர்கள் இருவரும் ஜான்சன். பிறந்த ஆண்டுகள் 1808, 1908. ஆங்கிலத்தில் லிங்கனுக்கும் ஏழு எழுத்து, கென்னடிக்கும் ஏழு எழுத்து. தமிழில் எண்ணிப் பார்த்தேன், நாலும் நாலும்! ஆனால் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதிபர் தேர்தல் நான்காண்டுக்கு ஒரு முறை. நூறு இரண்டாலும் வகுபடும், நான்காலும் வகுபடும். நூறாண்டு இடைவெளி விழுவதற்குத் தேர்தல் முறையே பாதி வேலை செய்துகொடுத்துவிடுகிறது.

அதோடு, பட்டியல் கைமாறும்போது வளரவும் செய்யும். கென்னடியின் செயலாளர் பெயர் லிங்கன், லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி என்பார்கள். முதல் பாதி உண்மை. அவர் எவலின் லிங்கன். இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. லிங்கனின் செயலாளர்களாக அறியப்பட்டவர்கள் ஜான் நிக்கோலே, ஜான் ஹே. கதைக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் யாராவது முட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாமே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானா என்றால், அதுவும் இல்லை. சிலவற்றுக்குக் காரணம் இருக்கலாம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று, அந்தப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனும் அதில் கையெழுத்திட்ட ஜான் ஆடம்ஸும் ஒரே நாளில் இறந்தார்கள். இருவரும் முன்னாள் அதிபர்கள். நாலாம் தேதி வந்துவிட்டதா என்று ஜெஃபர்சன் முந்தின இரவு கேட்டதாக உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நாளுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ என்று நினைக்க இடமிருக்கிறது. 1831இல் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோவும் ஜூலை 4 அன்றே இறந்தார். இந்த மூவரையும் சொல்கிறவர்கள், இவர்களுக்கு நடுவே அதிபராக இருந்த மேடிசனை விட்டுவிடுகிறார்கள். அவர் இறந்தது 1836 ஜூன் 28. ஆறு நாள் முந்திவிட்டார்.