காற்றறிந்து பால் வெட்டுவோம்

மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாகும். இக்காலத்தில் மழை குறைவெனினும், பாசிர் கூடாங் வட்டாரத்தில் விடியற்காலையில் திடீரெனப் பெருங்காற்றும் மழையும் வருவதுண்டு. சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்வதே இதற்குக் காரணம். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்.

இஃது ஓரிரு மணி நேரமே நீடிக்கும். ஆனால் அதுவே பால் வெட்டும் நேரம். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடும். மங்கில் மழைநீர் கலக்கும். அன்றைய உழைப்பு வீணாகும்.

ஆகவே, வரும் வாரத்தில் முதல்நாள் இரவே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பை அறிந்துகொள்வோம். விடியுமுன் மேற்கு வானில் மின்னல் தொடர்ந்தால் பொறுத்திருப்போம். இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காது கட்டடத்திற்குள் செல்வோம்; இறுதி இடி கேட்டு 30 நிமிடம் சென்றபின்னரே தோட்டத்திற்குத் திரும்புவோம். இழந்த பாலை மறுநாள் பெறலாம். உயிரைப் பெற இயலாது.