குடியானவர்களுக்காக எழுந்த பாங்கி

அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாகாணத்தில், வயல்களும் பால்பண்ணைகளும் சூழ்ந்த ஒவடோனா என்னும் சிற்றூர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 5,600 ஜனங்களே வாழ்ந்த இடமாயினும், அதன் கடைவீதி முனையில் 1908-இல் எழுந்த நேஷனல் பார்மர்ஸ் பாங்கி, கட்டடக் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர் எவரும் விட்டுச்செல்ல முடியாத ஒரு சிருஷ்டியாக நிலைத்துவிட்டது.

பாங்கி என்றால் கிரேக்கக் கோயிலின் தூண்களும் முக்கோண முகப்பும் வேண்டும் என்று கருதப்பட்ட காலம் அது. அந்த வேஷம் பயிர்செய்து பிழைக்கும் ஜனங்களின் ஸ்தாபனத்துக்குப் பொருந்தாது என்று எண்ணியவர், பாங்கியின் உப தலைவரும் சங்கீதப் பிரியருமான கார்ல் பென்னட். ஒரு பத்திரிகையில் லூயி சல்லிவன் எழுதிய கட்டுரையைப் படித்த அவர், தம் மனத்திலுள்ளதைக் கட்டித்தரக்கூடியவர் இவரே என்று தீர்மானித்து அழைப்பு விடுத்தார். சிக்காகோவில் ஒரு காலத்தில் வானளாவிய மாளிகைகளை எழுப்பிப் புகழின் சிகரத்தில் இருந்த சல்லிவன், 1895-இல் தம் கூட்டாளியான ஆட்லரைப் பிரிந்தபின் வேலை குன்றி, கடன் சூழ்ந்து வாடியிருந்த சமயம் அது.

கட்டடம் 68 அடிச் சதுரத்தில் அமைந்த ஒரு பெட்டி போன்றது. செந்நிற மணற்கல் பீடத்தின்மேல், ஒன்றுபோல் ஒன்று இராத பல சாயைகள் கொண்ட செங்கற்களால் சுவர் எழும்புகிறது. அச்சுவரைப் பிளந்துகொண்டு 36 அடி அகலமுள்ள அரைவட்ட வளைவு தெருவை நோக்கித் திறக்கிறது. வளைவைச் சுற்றிப் பச்சைச் சுடுமண் பட்டையும், நீலக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கரையும் ஓடுகின்றன. உள்ளே நுழைந்தால், லூயி மில்லெட் அமைத்த வண்ணக் கண்ணாடியில் வடிந்துவரும் வெளிச்சம், இலை நிழலில் நிற்பது போன்ற பசுமையோடு கூடமெங்கும் பரவுகிறது. மேலே தொங்கும் நான்கு வார்ப்பிரும்பு விளக்குக் கொத்துகளில் ஒவ்வொன்றும் இரண்டேகால் டன் கனமுள்ளது. ஆயினும் சுருண்டு விரியும் கொடிகளும் மொட்டுகளுமான வேலைப்பாட்டில் அக்கனம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவரிலே ஆஸ்கர் கிராஸ் தீட்டிய பசுக்களும் அறுவடைக் காட்சியும், பணம் கட்ட வந்த குடியானவனுக்கு அவனுடைய ஜீவனத்தையே காட்டின. அலங்காரங்களில் பெரும்பகுதியை வரைந்தவர் சல்லிவனின் பிரதம உதவியாளரான ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி. கீர்த்தி ஆசிரியரையே சேர்ந்துவிட்ட போதிலும், இவர் பெயரையும் உடன் சொல்லுவதே நியாயம்.

இத்தனை அருமையான பொருளும் சேதத்திலிருந்து தப்பவில்லை. 1926-இல் பென்னட்டின் பாங்கி முறிந்தது. கட்டடம் வேறு பாங்கியின் கைக்குப் போயிற்று. 1940-இல் நவீனப்படுத்துவதாக எண்ணி, பணம் வாங்கும் ஜன்னல்களின் அழகிய கிராதிகளைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அவற்றிற் சில இன்று மியூசியங்களில் இருக்கின்றன. கிராதியைக் காப்பாற்றியது நல்லதே. எனினும், அது இருக்கவேண்டிய இடம் அந்தக் கூடந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு 1950-களின் பிற்பகுதியில், ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடச் சிற்பி, பழைய கூடத்தின் சுபாவத்தை மதித்துப் புதிய தேவைகளை அதற்கு இசையச் செய்தார். 1976-இல் அது தேசிய சரித்திரச் சின்னமாயிற்று. 1981-இல் 18 சென்ட் தபால்தலையிலும் இடம்பெற்றது.

பெருநகரமான சிக்காகோவிலோ, சல்லிவனும் ஆட்லரும் கட்டிய பங்கு மார்க்கெட் மாளிகை 1972-இல் இடிக்கப்பட்டது. அதன் அலங்காரங்களை மீட்கச் சென்ற புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், இடிபாடுகளுக்குள் சிக்கி மாண்டார். மனையின் விலை கட்டடத்தின் மதிப்பை விழுங்கிவிடும் இடத்தில், கலை என்ற ஒரே வாதம் எடுபடுவதில்லை. ஒவடோனாவில் அந்த நெருக்கடி அத்தனை கடுமையாக இல்லை. அதோடு, அடுத்தடுத்து வந்த சொந்தக்காரர்கள் யாவரும் பாங்கித் தொழிலையே அங்கே நடத்தினபடியால், ஒழுகுகிற கூரையைச் செப்பனிடுவதும், தூசி படிந்த கண்ணாடியைத் துடைப்பதும் தர்ம காரியமாக யாரையும் கெஞ்ச வேண்டியிராமல், தொழிலின் செலவாகவே கணக்கில் ஏறின.