ஆறாத கால்புண்ணுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன்
படப்பை, மண்ணிவாக்கம் பகுதிகளிலிருந்து நீரிழிவுக் கால்புண்ணோடு தாம்பரம் வருவோர் பலரும் எம்மிடம் கேட்கின்றனர்: "வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கலாமா?"

சிலருக்கு வைக்கலாம். காலை உறை போன்ற பையினுள் இட்டு, புண்ணின்மீது ஆக்சிஜனைச் செலுத்தும் முறை உண்டு. 2020இல் வெளியான ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றோரில் 41.7 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களில் புண் ஆறியது. போலிக் கருவி பெற்றோரில் 13.5 விழுக்காட்டினருக்கே ஆறியது.

எனினும் இது துணைச் சிகிச்சையே. சர்க்கரைக் கட்டுப்பாடு, நல்ல இரத்த ஓட்டம், புண்ணில் பாரம் விழாமை ஆகியவையே அடிப்படை. மூச்சுக்கான ஆக்சிஜன் குழாயைப் புண்ணருகே பிடிப்பது இதற்கு ஈடாகாது. அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் ஆக்சிஜன் அருகில் கூடாது.

காய்ச்சலோ துர்நாற்றமோ கருமையோ கண்டால் அன்றே வாருங்கள். தாமதம் காலையே பறிக்கக்கூடும்.